அண்ணன் பெயரில் ஒரு ஐரிஸ்

என் அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. நாள் முழுக்கக் கீறல் தேடும் கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? தோட்டத்து ஐரிஸ் பூக்களுக்குத் தானே மகரந்தம் தொட்டு வைத்து, விதை எடுத்து, புது ரகம் உண்டாக்கப் பார்க்கிறார். விதை பூவாவதற்கே இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும். பூத்த பிறகு நடப்பது விசாரணை. மொட்டுகள் நெருக்கியடித்து நின்றால் போச்சு. ஏற்கெனவே கடையில் விற்கும் பூவின் சாயல் இருந்தாலும் போச்சு. அப்படிக் கழித்த ஒரு செடிக்காக நான் ஒருமுறை பரிந்து பேசப் போனேன்.

"அழகா இருக்கறது பூவோட வேலை தம்பி. அதுக்கு மேல என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்" என்றவர், அதை மக்குக்குழியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

கடைசிச் சோதனை பூவாளி. பூத்த தண்டின் தலையில் தண்ணீரைக் கொட்டுவார். மழைக்குச் சாயும் செடியை விற்பனைக்கு விடமாட்டார். இதுவரை ஒன்றுகூடத் தேறவில்லை.

இதில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் என் அண்ணன். தேறும் முதல் செடிக்கு அவன் பெயர்தான் என்று கல்யாணமான புதிதில் அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவன் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. ஒரு பூவுக்காவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பச்சையாகச் சொன்னால் வெறி.

போன வருடம் ஒன்று பூத்தது. மேலிதழ் மூன்றும் காப்பி நிறம், கீழிதழ் மூன்றும் கருஊதா. அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்து இதழ் இதழாகத் திருப்பிப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாவிட்டாலே பாராட்டு என்று அர்த்தம்.

"அடுத்த வருஷமும் இப்படியே பூக்கட்டும், பார்க்கலாம்" என்று எழுந்தார். பூ ஓய்ந்ததும் கிழங்கைப் பிரித்துத் திரும்ப நட்டார்.

அன்றிலிருந்து அண்ணன் திருட்டுத்தனமாக உரம் போட ஆரம்பித்தான். "வளர்ற பிள்ளைடா, பாவம்" என்பான் என்னிடம். செடி கொழுகொழுவென்று அவன் இடுப்புக்கு வளர்ந்தது. பெற்றவன் மாதிரி பூரித்துப்போனான்.

இந்த வருடம் பூத்ததும் அண்ணி பூவாளியைச் சாய்த்தார். கூடவே செடியும் சாய்ந்தது. தண்டு மடங்கி, பூ சேற்றில் முகம் புதைத்தது. அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எவ்வளவு உரம் போட்டீங்க?"

"கொஞ்சம்தான்."

"மூட்டையிலதான் கொஞ்சம் இருக்கு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "செடி மேல தப்பில்ல. நான்தான் கெடுத்துட்டேன். என் பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அண்ணி பூவாளியை நிரப்பிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். நாங்களும் போனோம். வெயில் மட்டும் விழும் அந்த மூலையில், வறண்ட மண்ணில், அதே காப்பி நிறப் பூ விறைப்பாக நின்றது. தண்ணீர் முழுவதையும் கொட்டினார். தண்டு அசைந்து கொடுத்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்தது.

"இதை எப்ப நட்டே?" அண்ணன் குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"கிழங்கு பிரிச்ச அன்னைக்கே. உங்களை எனக்குத் தெரியாதா?"

எந்தச் செடிக்கும் அண்ணி இப்படி இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மத்த செடியையெல்லாம் இப்படி ஒளிச்சு வைக்கலையே அண்ணி?"

"இது தேறும்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு தம்பி. இவர்கிட்டேயிருந்து காப்பாத்தினாத்தானே இவர் பேரை வைக்க முடியும்?"