அசருக்குப் பிறகு தானாக எழுதிய போர்ட்

1. காற்புள்ளிகள்

திரையில் காற்புள்ளிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. கீபோர்டில் யாருடைய விரலும் இல்லை. என் கைகள் மடியில் இருந்தன. மச்சான் ரஊப் வயலிலிருந்து அப்போதுதான் வந்து, கதவோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலை முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடிய, நாங்கள் செய்த கம்பியூட்டர் போர்ட், அவர் தலை தெரிந்ததும் பேய் பிடித்த மாதிரி தானாக எழுதத் தொடங்கிவிட்டது.

"நான் தொடவே இல்லயே மச்சான்" என்றார்.

தொட்டதாக நான் சொல்லவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ரேடியோவை மேசையில் வைக்கும்போதே, "தண்ணி கிண்ணி ஒண்டும் படல்ல" என்பார்கள். கழற்றினால் உள்ளே தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். கல்முனை பஜாரில் ரேடியோ, டிவி, பிறகு கம்பியூட்டர், கடைசியில் போன் என்று திருத்தி ஓய்ந்தவன் நான். இந்த வேலையே சந்தேகப்படுகிற வேலைதான். நான் பொலிசுக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்று என் மனைவி சொல்வாள்.

அன்றைக்குச் சுவிட்சை நிறுத்திவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு முள் ஏறிவிட்டது.

2. யார் வீட்டில் யார்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண் பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நான் பிறந்து வளர்ந்த கடற்கரைப் பக்க வளவு என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சி ஹபீபாவுக்குப் போனது. அவளை முடித்த ரஊப் அங்கே குடிவந்தார். நான் பஜார் பக்கம் என் மனைவி வீட்டில் இருக்கிறேன். பிறந்த வீட்டுக்கே விருந்தாளியாகப் போகிறவன் நான். போனால் தேத்தண்ணி கிடைக்கும், மரியாதை கிடைக்கும். சண்டை பிடித்தால் வாசலும் போய்விடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவை.

ரஊப் மச்சான் சவூதியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை செய்தவர். கல்யாணத்துக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்பியூட்டரும் இருக்கும் எட்டு பிட் மெஷின். டிவியில் கொழுவி, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்ற வேண்டும். ரேடியோ திருத்திக்கொண்டிருந்த என்னைக் கம்பியூட்டர் பக்கம் திருப்பியது அந்தப் பெட்டிதான். சுனாமியில் கடல் வந்த நாளில் அதுவும் போனது.

நாங்கள் இரண்டு பேரும் ஓய்ந்த பிறகு அந்த மெஷினையே திரும்பச் செய்துபார்ப்போம் என்று இறங்கினோம். பழைய சிப்புகள் இப்போது கிடைப்பதில்லை. அதற்குத்தான் எஃப்.பி.ஜி.ஏ. அது வெறும் சிலேட்டு மாதிரியான சிப். என்ன சர்க்கியூட் வேண்டுமோ அதை நாம் புரோகிராம் கோடாக எழுதி ஏற்றினால், சிப் அந்தச் சர்க்கியூட்டாகவே மாறிவிடும். பழைய புரொசசர், வீடியோ, கீபோர்ட் ஸ்கேன் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கும். கோடும் போர்ட் டிசைனும் மச்சானுடையவை. சோல்டரிங்கும் டெஸ்டிங்கும் என்னுடையவை. கையால் சோல்டர் பண்ணக்கூடிய, பக்கவாட்டில் கால்கள் உள்ள பழைய வகைச் சிப் எங்களுக்கு இரண்டே இரண்டுதான் கிடைத்தது. ஒன்றைப் போர்டில் ஏற்றினோம். மற்றது ஸ்பெயார்.

வேலை நடந்தது ஹபீபா வீட்டு முன்னறையில். மச்சான் காலையில் சவளக்கடை வயலுக்குப் போய்விடுவார். நான் காலையில் தனியாக வேலை செய்வேன். பின்னேரம் அசர் தொழுத பிறகு அவர் வருவார், இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதாவது போர்ட் என்னோடு இருக்கும்போது நல்ல பிள்ளை. அவரோடு இருக்கும்போதுதான் அட்டகாசம்.

3. ஒவ்வொன்றாகக் கழித்தது

எடுத்தவுடன் ஆளைச் சந்தேகிக்க நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. முதலில் கரண்ட். மாலையில் எங்கள் பகுதியில் வோல்டேஜ் விழும். அதனால் பேட்டரியில் கொழுவிப் பார்த்தேன். காற்புள்ளி நிற்கவில்லை. ரெகுலேட்டர் அவுட்புட்டை ஸ்கோப்பில் பார்த்தேன், கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. கீபோர்டை மாற்றினேன். கீபோர்டைக் கழற்றியே வைத்தேன். அப்போதும் எழுத்து விழுந்தது. அப்படியென்றால் பிழை சிப்பின் பக்கம். சிப்பின் கால்களையெல்லாம் ஃபிளக்ஸ் பசை போட்டு மறுபடி சோல்டர் ஓடவிட்டு, மேலாகப் பிரஷ் போட்டுத் துடைத்தேன். அடுத்த நாள் காலை அருமையாக ஓடியது. அசருக்குப் பிறகு பழையபடி காற்புள்ளி.

ஒரு நாள் மச்சான் அக்கரைப்பற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நல்ல சந்தர்ப்பம் என்று மாலையில் போய்ப் போர்டைப் போட்டேன். அன்றைக்குக் கச்சான் காற்று பின்னேரத்திலும் விடவில்லை. ஃபேன் கூட அனலைத்தான் வாரி இறைத்தது. பொழுது விழும் மஃரிப் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்துக் கூடத் தானாக விழவில்லை.

வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. என் தொழிலையே கையில் கொண்டுவந்து தந்த மனுசன் அவர்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. மச்சானுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கால் வரும். பழைய கம்பியூட்டர் சேர்க்கிற ஒருவர். எங்கள் போர்டின் படத்தை இன்டர்நெட்டில் பார்த்து நம்பர் எடுத்திருக்கிறார். கால் வந்தால் மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோடில் ஏதோ வைத்து, என் சோல்டரிங் சரியில்லை என்று காட்டி, என்னைக் கழற்றிவிட்டுத் தனியாகப் போகப் பார்க்கிறாரோ? அல்லது நல்ல சிப்பை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றிவிட்டாரோ? வாய் திறந்து கேட்டால் ஹபீபா நடுவில் நிற்பாள். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடைசியில் ஒரு பொறி வைக்க நினைத்தேன். சிப்பின் மூலையில் மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிகிற மாதிரி ஊசியால் ஒரு கீறல் போடுவது. சிப் மாறினால் கீறல் காணாமல் போகும்.

4. வெள்ளைப் புள்ளி

மத்தியானம் லுஹர் தொழுத பிறகு போனேன். போர்டை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, ஊசியைக் கையில் எடுத்துக் குனிந்தேன்.

நான் கீற நினைத்த அதே மூலையில், கரெக்ஷன் ஃபுளூயிட்டால் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. எறும்பு முட்டையை விடச் சிறியது. அது கொம்பனி போட்ட புள்ளி அல்ல, கையால் வைத்தது. நான் வைக்கவில்லை.

ஊசியைக் கீழே வைத்தேன். என்னைப் பிடிக்கவும் ஒருவர் பொறி வைத்திருக்கிறார். என்னை! முகம் சுட்டது. அந்தச் சூட்டோடு லென்ஸைச் சரித்துக் கால்களின் பின்பக்கம் பார்த்தேன். சிப்பின் வயிற்றுக்கும் போர்டுக்கும் இடையில் மஞ்சளாக, பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக் கிடந்தது. ஃபிளக்ஸ் இவ்வளவு மொத்தமாக நிற்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஸ்பெயார் சிப்பின் பெட்டியைத் திறந்தேன். பெட்டி வெறுமையாக இருந்தது.

இனிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று எழுந்தேன். ஹபீபா அடுப்படியிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மச்சான் வரட்டும் புள்ள. அவருக்கிட்ட ஒரு கதை கேக்க இரிக்கி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"என்னத்தக் காக்கா தேடுறீங்க? அந்தக் கறுத்த சாமானா? அது அரிசி வாளிக்குள்ளதானே இரிக்கி."

அவள் அடுப்படிக்குப் போய், முழங்கை வரைக்கும் அரிசிக்குள் கையை விட்டு, மூடியில்லாத பிளாஸ்டிக் தட்டோடு சிப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். சவளக்கடை வயல் நெல்லை ஒரே தீட்டாகத் தீட்டின அரிசி அது. தவிடு அப்படியே இருந்தது. சிப்பின் கால்களுக்கிடையில் மஞ்சள் தூள் அடைந்திருந்தது. நான் சற்றுமுன் லென்ஸில் பார்த்த அதே மஞ்சள்.

விசாரித்தேன். இரண்டு சிப்பும் வந்த அன்றைக்கு சீல் கவர் கிழிந்திருந்ததாம். ஈரம் படக்கூடாது என்று மச்சான் சொல்லி அவளிடம் கொடுத்தாராம். சோல்டர் பண்ணுகிற நாள்வரைக்கும் இரண்டும் அரிசிக்குள்தான் கிடந்தன. மிஞ்சிய ஒன்றை, பெட்டிக்குள் வேர்க்கும் என்று அவளே திரும்ப எடுத்து அரிசிக்குள் வைத்திருக்கிறாள்.

"அரிசிக்குள்ள ஏன் புள்ள வெச்ச?"

"நீங்கதானே கடையில எல்லாருக்கும் சொல்லுற? போன் நனைஞ்சா அரிசிக்குள்ள போடுங்க எண்டு. கல்முனை முழுக்க ஒங்கட கதையத்தான் கேட்டுச் செய்யிது."

அந்த நேரம் பார்த்து மச்சான் வாசலில் வந்து நின்றார். கடற்பக்க ஜன்னல் திறந்திருந்தது. காற்று உள்ளே வந்து திரைச்சீலையைத் தூக்கியது. நாக்கில் உப்புக் கரித்தது. அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. காலையில் வயல் பக்கமிருந்து அடிக்கிற கச்சான் எலும்பையே காயவைக்கும். அசருக்குப் பிறகு கடற்காற்று எழும்பும். தவிடு அந்த ஈரத்தையும் உப்பையும் குடித்துக் கால்களுக்கிடையே கரண்டைக் கசியவிடும். பக்கத்துக் காலின் சிக்னல் கீபோர்ட் லைனுக்குள் ஏறும். சிப் அதை ஒரு விரல் என்று நினைக்கும். மச்சான் அக்கரைப்பற்றுக்குப் போயிருந்த நாளில் கடற்காற்று எழும்பவே இல்லை. மச்சானும் கடற்காற்றும் தினமும் ஒரே நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் ஒருவரை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மேசையில் ஊசி கிடந்ததை மச்சான் பார்த்தார். லென்ஸுக்குக் கீழே போர்ட் இருந்ததையும் பார்த்தார்.

"புள்ளி நான்தான் வெச்ச மச்சான்" என்றார். "காலையில கதவப் பூட்டிட்டு வேல செய்யிறீங்க. சிப்ப மாத்திருவீங்களோ எண்டு ஒரு எண்ணம் வந்திட்டு."

கதவைப் பூட்டியது கச்சான் தூசு மைக்ரோஸ்கோப்பில் விழாமல் இருக்க. அவர் போனோடு முற்றத்துக்குப் போனது, அந்த வீட்டுக்குள் சிக்னல் எடுக்காததால். முகத்தைத் திருப்பியது, நான் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதைக் கண்டு. கொழும்புக்காரருக்கு, என்னைக் கேட்காமல் ஒன்றும் சொல்ல ஏலாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார்.

"நான் கீறத்தான் ஊசி எடுத்த மச்சான்" என்றேன்.

ஹபீபா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தர ஒருத்தர் பாத்த பார்வையில கொஞ்சத்த அந்த ஜன்னலால வெளியயும் பாத்திருந்தா, இந்த வேல எப்பயோ முடிஞ்சிரிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

5. ஜன்னலைத் திறந்துவைத்து

ஐசோபுரோபைல் அல்கஹோல் ஊற்றி, பல்துலக்கும் பிரஷை வெட்டி மெல்லியதாக்கி, கால்களின் பின்பக்கம்வரை விட்டுக் கழுவினேன். மச்சான் போர்டைப் பிடித்துக்கொண்டார். ஹொட் எயார் கன்னைக் குறைத்துவைத்து அடியால் ஊதிக் காயவைத்தோம். அடுத்த நாள் மாலையில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். கடற்காற்று நன்றாகவே வந்தது. திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்காததை இரண்டு கிழவர்கள் மஃரிப் பாங்கு சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருட வேலையில் அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு வெற்றுத் திரையைப் பார்த்ததில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சந்தேகப்படுவதை விடாதீர்கள், விட்டால் திருத்துகிற வேலைக்கு நீங்கள் ஆகமாட்டீர்கள். ஆனால் பிழை வருகிற நேரத்தில் ஒரு ஆள் வந்து நின்றால், அவரோடு சேர்ந்து வேறு என்னென்ன உள்ளே வந்தது என்று பாருங்கள். காற்று, வெயில், பக்கத்து வீட்டு மோட்டர், எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ஆளிடம் போங்கள். நீங்கள் வாயால் சும்மா சொல்லிவிட்ட ஒரு புத்தியும் சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்கே வந்து சேரும், அதையும் பாருங்கள். போனை அரிசிக்குள் போடுங்கள் என்று நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

வெள்ளைப் புள்ளியைச் சுரண்டிவிடட்டுமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். உண்மையைச் சொன்னால், மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தால் அது இருக்கிறதா என்று இன்றைக்கும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. அவரும் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

ஸ்பெயார் சிப்பை மட்டும் ஹபீபா எங்கள் இருவரிடமும் தரவில்லை. நான் கொடுத்த சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"இது இனி என்னட்ட இரிக்கட்டும். வேணுமெண்டா ரெண்டு பேரும் சேந்து வந்து கேளுங்க" என்றாள்.

கேட்கத் தேவை இதுவரை வரவில்லை. ஆனாலும் அசருக்குப் பிறகு நான் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். உள்ளே எனக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறது.