காதில் விழாத துடக்கு

கேட்டுவிட்டுத்தான் போனாளாம். புருஷனின் தமையன் செத்த செய்தி காதில் விழுந்த பிறகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாளாம். அந்தச் சாவுத் தீட்டு, அந்தத் துடக்குத்தான் அன்றிரவு புயலாய் வந்து திருகோணமலையைப் பிய்த்துப் போட்டதாம். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் சொல்லாது? மறுத்துச் சொல்லக் கமலாதேவி இல்லை. போனவள் திரும்பி வரவில்லை என்பதற்காக அவள் தலையில் புயலையும் கட்டிவிடுவதா? அன்று செத்தவீடு நடக்காத ஊர்களிலும் கூரை இருக்கவில்லையே.

யார் சொன்னது, யார் கேட்டது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சாவுச் செய்தி ஒருவர் வாயால் வந்து மற்றவர் காதில் விழவேண்டும். விழுந்த நேரத்திலிருந்துதான் முப்பத்தொரு நாள் துடக்கு. காதில் விழும்வரை விளக்கு வைக்கலாம், கோயில் வாசலை மிதிக்கலாம். அப்படித்தான் இந்த ஊர் பிழைத்து வந்திருக்கிறது. மனம் அறிந்ததற்குத் துடக்கு என்று எந்த ஐயரும் சொன்னதில்லை.

கமலாதேவியின் மூத்தவனுக்கு வலிப்பு இருந்தது. ஐந்து வயது நிறைந்த கிழமையில் போய்விட்டான். பிறகு பிறந்த தவமலருக்கு மூன்று வயதில் அதே வலிப்பு வந்தது. அன்று பிள்ளையின் பல்லுக்கிடையில் கரண்டிக் காம்பை வைத்துக்கொண்டே அவள் சம்பூர்ப் பத்திரகாளிக்கு நேர்ந்தாள். ஐந்து நிறையுமுன், ஒருவரும் படுக்காத பாயில் பிள்ளையைக் கிடத்தி, தூக்கிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பாயை அங்கேயே விட்டுவிடுவதாக நேர்த்தி. வரும் தைப்பூசத்தோடு பிள்ளைக்கு ஐந்து நிறைகிறது. இது அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழி.

சந்தைப் பாயில் விற்கிறவளே குந்தியிருப்பாள். ஆகவே பின்னுகிறவளின் கையிலிருந்து நேரே வாங்கவேண்டும். தோப்பூரில் சித்தி பரீதா என்று ஒருத்தி, பன்பாய் பின்னுவதில் பேர்போனவள். மூதூருக்கு ஆளேற்றும் மோட்டார்ப் படகில், அந்த லோஞ்சில் வேலைசெய்யும் ஸஹாப்தீன் மூலம் அவளுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஓரம் மடித்தாயிற்று, வந்தால் சரி என்று அவளும் சொல்லியனுப்பினாள்.

சந்தைக்கும் கிணற்றடிக்கும் அப்பால் போகாத கமலாதேவி இந்த நாலு நாளையும் மனதுக்குள் எத்தனை தரம் நடந்து பார்த்திருப்பாள். புதன்கிழமை காலை திருகோணமலைத் துறையிலிருந்து லோஞ்சில் மூதூர். மத்தியானம் தோப்பூர், இரவு பரீதா வீட்டு விறாந்தை. வியாழன் வண்டிலில் சம்பூர். வெள்ளி விடியக் கடற்கரையில் பிள்ளைக்கு மூன்று முழுக்கு, ஈரத்தோடு காளி வாசல். சனிக்கிழமை திரும்பி வந்து, கோணேசருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீடு. புருஷன் ஞானசேகரம் கூடப் போவதாகத்தான் இருந்தது.

அந்தக் கிழமைதான் நிலாவெளியில் அவனுடைய தமையன் கனகசுந்தரம் படுக்கையில் விழுந்தார். ஞானசேகரம் அங்கே ஓடினான். சனிக்கிழமை பஸ்காரனிடம் சொல்லியனுப்பினான், தண்ணீர் மட்டும் இறங்குகிறதாம். கமலாதேவி விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். இன்று சாவுச் செய்தி வந்தால் முப்பத்தொரு நாள். தைப்பூசம் அதற்குள் வந்து போய்விடும்.

அன்றிலிருந்து அவள் வேலிப் படலையைச் சாத்திக் கயிறு போட்டாள். கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கவில்லை.

திங்கள் பின்னேரம் அடுத்த வளவு இரத்தினசிங்கத்தின் பெண்சாதி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். நிலாவெளிப் பக்கமிருந்து வந்தவர்கள் என்னவோ சொன்னார்கள் என்று தொடங்கினாள். கமலாதேவி உரலுக்குள் அரிசியைக் கொட்டி இடிக்கத் தொடங்கினாள். கட்டுச்சோற்றோடு பிட்டுக்கும் மா வேண்டும்தானே. அரிசி மாவாகிவிட்டது, வேலியில் தலை போகவில்லை. மாவை அள்ளிச் சுளகில் போட்டுவிட்டு வெறும் உரலை இடித்தாள். உலக்கைப் பூண் உரலில் மோதி நெருப்புப் பறக்க, உள்ளங்கை தோலுரிய, அந்தத் தலை இறங்கும்வரை இடித்தாள். கேட்டவள் இப்படி ஏன் இடிக்கவேண்டும்? அதை யோசிக்க ஊருக்கு நேரமில்லை.

பொழுதுபடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைக்குப் போனாள். மார்கழியில் ஊதவேண்டிய காற்று ஊதவில்லை. பெட்டிக்குள் அடைத்ததுபோல வெக்கை. துறைமுகத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வெளிக்கடல் மட்டும் அடித்தொண்டையால் உறுமியது. கரைவலைக்காரர் தோணிகளைத் தென்னைமரத்தடி வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். ஸஹாப்தீன் லோஞ்சுக்கு இரட்டைக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கே போகவேண்டும் என்று அவள் கேட்டதும் அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்குச் செவ்வாயெல்லோ, தங்கச்சி? உங்கட ஆக்கள் செவ்வாயில வெளிக்கிட மாட்டினமே."

"புதன் மட்டும் என்ர படலை தாங்காது, நானா."

அவருக்கு விளங்கிவிட்டது. காலையில் ஒரு லோஞ்சு ஓடும், அதற்குப் பிறகு ஓடுமென்று சொல்ல ஏலாது என்றார். போவதைவிடத் திரும்பி வருவதை யோசிக்கச் சொன்னார். திரும்பி வருவதைப் பற்றி அவள் நாலு மாதமாக யோசித்தாயிற்று. அவளுக்குப் போவதுதான் வேண்டியிருந்தது.

செவ்வாய் விடிந்தும் வெளிக்கவில்லை. வானம் கிழக்கே செம்புக் குடம்போல் கறுத்துச் சிவந்திருந்தது. பிட்டுப் பொட்டலம், பிள்ளைக்கு மாற்றுச் சட்டை, கற்பூரம் எல்லாவற்றையும் பன்பைக்குள் வைத்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். கதவைத் திறந்தாள்.

படலைக்கு வெளியே ஞானசேகரம் நின்றான்.

மேலில் சட்டையில்லை, தோளில் ஒரு சால்வை. தலை ஈரம். இரவு முழுக்கச் சைக்கிள் மிதித்து வந்தவன்போல் கால் முழங்கால்வரை சேறு. செய்தி சொல்ல வேறு ஆள் புறப்பட்டபோது, நானே போகிறேன் என்று தடுத்துவிட்டு வந்தவன் அவன். அது செத்தவீட்டில் கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இன்று வாயில் வேறு கதை வைத்திருக்கிறார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இரத்தினசிங்கத்தின் பெண்சாதி விளக்குமாற்றோடு நின்றாள். கூட்டவில்லை.

கமலாதேவி புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. சேற்றுக் காலைத்தான் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "நான் வந்தாப் பிறகு சொல்லுங்கோ."

அவன் வாய் ஒருதரம் திறந்தது. கூடப்பிறந்த ஒரே தமையன். தோளில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளையைத் தொடப்போன கையை, தொடக்கூடாது என்ற நினைவு வந்து, பாதியில் இழுத்துக்கொண்டான். பிறகு குனிந்து படலைக் கயிற்றை அவனே அவிழ்த்தான். அவள்மேல் படாமல் வேலியோரமாய் ஒதுங்கி வழிவிட்டான்.

"லோஞ்சு எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"ஏழுக்கு."

"அப்ப கெதியா நட."

அவன் சொன்னது அவ்வளவுதான். அவள் கேட்டதும் அவ்வளவுதான். பிள்ளையின் தலையில் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, காற்றே இல்லாத அந்தத் தெருவில், துறையைப் பார்த்து அவள் நடந்தாள்.