என்னை ‘சார்’ என்று அழைத்த போன்

எங்கள் கம்பெனியின் ஊழியர் பட்டியல் எப்படியோ வெளியே போய்விட்டது. இன்று காலை கம்பெனி பஸ் குன்றத்தூரைத் தாண்டியதுமே பெர்மனென்ட் ஆட்களின் செல்போன்கள் வரிசையாக அலறின. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டுத்தான்.

பக்கத்து சீட் சேகர் சலித்துக்கொண்டான். “நாலாவது கால் பா. பேரைச் சொல்லி சார் சார்னு இம்சை பண்ணினு கீறாங்க.”

எனக்கு வயிறு எரிந்தது. நான் காண்ட்ராக்ட். என் போனில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

ஊழியர் விவரங்கள் மிகப் பத்திரமாக இருப்பதாக கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். யாரிடம் என்று மட்டும் எழுதவில்லை.

கேன்டீனில் காண்ட்ராக்டரிடம் புலம்பினேன். “எங்க நம்பரைக் களவாங்கக்கூட ஆளில்லையாண்ணே?”

“அட நீ வேற. உங்க எல்லார் ஃபாரத்துலயும் என் நம்பரைத்தான எழுதிக் குடுத்தேன்? உன் பேரைச் சொல்லி ஒரு பொண்ணு, சார் சார்னு பத்து நிமிஷம் பேசுச்சு. நான்தான் வேணாம்னு சொல்ட்டேன்.”

பிறந்ததிலிருந்து என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். அதையும் அவரே கேட்டுக்கொண்டார்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த இலவச சட்ட ஆலோசனைப் பக்கத்தில் கேட்கிறேன். கேஸை கம்பெனி மேல் போடுவதா, காண்ட்ராக்டர் மேல் போடுவதா? பதில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து ‘சார்’ என்று ஆரம்பிக்கவும்.