ஞாயிற்றுக்கிழமைக் கரண்டி

இங்கிலாந்தின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு நாடகம் நடக்கும். வீடியோ கால் மணி அடித்ததும் என் கணவர் செல்வம் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து கரண்டியை என் கையில் திணிப்பார். நைட் டியூட்டி முடித்து சோபாவில் கிடக்கும் நான் எழுந்துபோய் அடுப்பு முன்னால் நிற்பேன். அவர் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பாபநாசத்திலிருந்து என் மாமியார் திரைக்கு வருவார். "என்ன கொழம்பு வைக்கிற?" என்பார். எனக்கென்ன தெரியும்? சட்டியை எட்டிப் பார்த்துச் சொல்வேன்.

நான் நர்ஸ். விசா என் பெயரில். செல்வம் டிபெண்டன்ட், அதாவது என்னை அண்டி வந்தவர். ஊரில் மூன்று ஏக்கரில் நெல் போட்டவருக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம் அது. அங்கே கிளம்பும்போது விமான நிலைய அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே அவரைக் கேட்டார்: "மேடம் என்ன வேலைக்குப் போறாங்க சார்?" நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயும் இருந்தது. இங்கே இறங்கியதும் ஒரு பெண் அதிகாரி அவரைக் காட்டி என்னைக் கேட்டார், இவர் என்ன செய்யப் போகிறார் என்று. செல்வம் முந்திக்கொண்டு "ஃபார்மர்" என்றார். பண்ணை எந்த ஊரில் என்று அந்த அம்மாள் கேட்க, இவர் உற்சாகமாகப் பாபநாசம் என்றார். அந்த அதிகாரி கணினியில் அதை இங்கிலாந்து முழுக்கத் தேடினார். முதல் கவுண்டரில் நான் லக்கேஜ், இரண்டாவதில் இவர் லக்கேஜ். அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன ஜூனில் நாடகம் கெட்டது. அபூர்வமாகக் கிடைத்த சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்த செல்வம், மணி அடித்ததும் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைக்கூடத் துடைக்காமல் சோபாவுக்கு ஓடிவிட்டார்.

"ஏன்டா அழுவுற?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்லம்மா."

"அவ படுத்துறாளா? நீ கிளம்பி வாடா. மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சு, குறுவைக்கு நாத்து விடணும். பொண்டாட்டி விசாவுல என்ன பொழப்பு?"

செல்வம் மறுக்கவில்லை. தண்ணீர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனால் இவர் திரும்ப மாட்டார். நானும் நாலு வயது மகளும் இந்தக் குளிரில் தனியாக என்ன செய்வோம்? கரண்டியோடு திரை முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, அது வெங்காயம். தினம் சமைக்கிறது அவருதான். நான் கரண்டியைப் புடிச்சிக்கிட்டு சும்மா நிக்கிறேன்."

மாமியார் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒங்க மாமா சிங்கப்பூர்ல இருந்த வருஷமெல்லாம் வயலை நான்தானே பாத்தேன்? அவரு லீவுல வந்தா, மடையைத் தொறந்துட்டு மம்பட்டியை அவரு கையில குடுத்துட்டு வீட்டுக்கு ஓடியாந்துருவேன். ஊரு பாக்கும்ல! அவருக்கு எந்த மடைன்னே தெரியாது."

"அப்ப நான் வர வேணாமாம்மா?" என்றார் செல்வம்.

"குறுவைய நான் பாத்துக்கறேன். நீ வெங்காயத்தை உரி. ஆனா பேசுறப்ப ஒன் சித்தப்பா இங்க வந்தா மட்டும் கரண்டி அவ கையில இருக்கட்டும், ஊரு பூரா சொல்லிருவாரு."

இப்போது ஞாயிறுகளில் மாமியார் வயலிலிருந்தே பேசுகிறார். போன வாரம் வரப்பில் சித்தப்பா வருவது தெரிந்ததும், மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் மம்பட்டியை நீட்டினார். அதே நொடியில் இங்கே கரண்டி என் கைக்கு வந்தது. சித்தப்பா போன பிறகும் செல்வம் அதைத் திரும்ப வாங்கவில்லை. "அம்மா, போனை வாய்க்கால் பக்கம் திருப்பு" என்றார். திரை முழுக்கப் பழுப்புத் தண்ணீர். அவர் இங்கேதான் இருந்தார், என் விசாவில், என் சோபாவில். கூப்பிட்டேன், வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் விழவில்லை. அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. என்ன குழம்பு என்று தெரியாமலே கிண்டிக்கொண்டிருந்தேன்.