பேனாவில் எட்டு, பென்சிலில் ஒன்று

போன் மணி அடித்தபோது யாகோடாவின் வாயில் ரொட்டி இருந்தது. அந்த வீட்டுக்கு அவள் வந்து ஆறாவது நாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஹலினா அலோய்ஸைக் கட்டிக்கொண்டதால், போலந்துப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூன்ஸ்டர் பக்கத்துக் கிராமத்துக்கு வந்திருந்தாள். ஜெர்மன் அரைகுறையாகத்தான் காதில் ஏறும். ஆனாலும் அன்று காலை கேட்ட பேச்சு மட்டும் வரி மாறாமல் அவளுக்கு நினைவிருக்கிறது.

அலோய்ஸ் எழுந்து போய் எடுத்தார். அங்கே போனை எடுத்தால் யாரும் ஹலோ சொல்வதில்லை. குடும்பப் பேரைத்தான் சொல்வார்கள்.

"கிவிட்புரோக்."

"இங்கேயும் கிவிட்புரோக்தான்," என்றது மறுமுனை. தொழுவத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல். சமையலறை முழுக்கக் கேட்டது. "பசு ராத்திரியிலேர்ந்து கத்துது. சினை ஊசி போட வா."

"யாரு பேசுறது?"

"அதான் சொன்னேனே, கிவிட்புரோக்."

"கிவிட்புரோக் நான்."

"நீ காகிதத்துல கிவிட்புரோக். நான் பண்ணையில கிவிட்புரோக். எந்தக் கிவிட்புரோக் வேணும்னு பசுகிட்டயே கேட்டுச் சொல்லட்டுமா?"

"உன் பேரு டைட்டர்மன். கிளெமன்ஸ் டைட்டர்மன். அடையாள அட்டையை எடுத்துப் பாரு."

"அடையாள அட்டையைக் காட்டினா மாடு சினை பிடிக்குமா?"

"உன் வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும். இன்னொரு ஊசிக்காரன் இருக்கானே ஹூபர்ட், அவனைக் கூப்பிடு."

"ஹூபர்ட் இடுப்பு பிடிச்சுப் படுத்துக்கிடக்கான். சாயங்காலத்துக்குள்ள போடலேன்னா இன்னும் மூணு வாரம் போயிடும், அலோய்ஸ். வாடா."

"'டைட்டர்மன் பேசுறேன்'னு ஒரு தடவை சொல்லு. வர்றேன்."

"எங்கப்பன் சொன்னதில்ல, எங்கப்பனைப் பெத்தவன் சொன்னதில்ல. உனக்காக நான் சொல்லணுமா?"

அலோய்ஸ் போனை வைத்தார். காது மடல்கள் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. திரும்பி, ஆறு நாளாகத் தன்னிடம் ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண்ணைப் பார்த்து, "கேட்டியா? பேர் திருடன்!" என்றார்.

திருடன் என்ற சொல் யாகோடாவுக்குத் தெரியும். காரில் எதையோ களவு கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் காரில் களவுபோக அதிகம் இருந்ததும் உண்மைதான். பின்பக்கம் திறந்தால் புகை கக்கும் உறைகுளிர்க் குடுவை. அதற்குள் நாட்டிலுள்ள பேர்போன காளைகளின் விந்து, மெல்லிய குழாய்களில். பக்கத்தில் தோள்வரை நீளும் கையுறைகள் ஒரு பெட்டி. மாட்டுக்குச் சினை ஊசி போடுவது அலோய்ஸின் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்குப் பதினைந்து பண்ணை ஏறி இறங்குகிறார். எந்தக் காளைக்கு யார் அப்பன், அந்த அப்பனுக்கு யார் அப்பன் என்று எட்டுத் தலைமுறை மூச்சுவிடாமல் சொல்வார். தன் கதை என்று வந்தால் மூன்றுக்கு மேல் தெரியாது. அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

கிவிட் என்றால் அந்த மண்ணின் பேச்சில் ஆட்காட்டிக் குருவி. புரோக் என்றால் சதுப்பு நிலம். ஆட்காட்டிகள் இறங்குகிற சதுப்பை ஒட்டி ஒரு பண்ணை இருந்தது. பண்ணைக்கு அந்தப் பேர், பண்ணைக்காரனுக்கும் அதே பேர். உலகத்தில் வேறெங்கும் அந்தப் பேர் கிடையாது. தொலைபேசிப் புத்தகத்தில் முல்லர் என்ற பேர் பக்கம் பக்கமாக ஓடும். கிவிட்புரோக் ஒரே ஒரு வரி. அலோய்ஸ் நாடு முழுக்க உள்ள புத்தகங்களை அலசி, பார்த்த இடமெல்லாம் போன் போட்டு, கடைசியில் எட்டுப் பேரைக் கண்டுபிடித்திருந்தார். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தப் பட்டியல் ஒட்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் இரண்டு அத்தைகள். ஒரு கன்னியாஸ்திரி. ஒரு பாதிரியார். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த மூன்று சித்தப்பா பிள்ளைகள். எட்டாவது அவரே. எட்டில் ஒருவருக்கும் குழந்தை இல்லை. அலோய்ஸ் கண்ணை மூடினால் அந்தப் பேரும் ஏறக்குறைய அவரோடு போய்விடும்.

ஒன்பதாவதாக ஹலினாவின் பேரும் இருந்தது, பென்சிலில். அவள் கல்யாணத்தில் அவர் பேரை எடுத்துக்கொண்டவள்.

"மத்தவங்களுக்கெல்லாம் பேனா. எனக்கு மட்டும் பென்சிலா?" என்று ஹலினா கேட்பாள்.

"நீ ரத்தம் இல்லையே, ஹலினா."

"உன் அழுக்குச் சட்டையைத் துவைக்க மட்டும் ரத்தம் வேண்டியதில்ல, அப்படித்தானே?"

அவர் காது சிவக்கும். ஆனால் ரப்பரையோ பேனாவையோ எடுக்க மாட்டார். மாட்டுத் தொழிலில் ஒரு பொய்க் கோடு போட்டால் வம்சவரிசையே நாறிப்போகும் என்பார். அவருக்கு இருந்தது ஒரே நம்பிக்கை. பண்ணையின் முதல் கிவிட்புரோக்குக்கு ஒரு மகனா இருந்திருப்பான்? இன்னொருவன் ஹாலந்துக்கோ அமெரிக்காவுக்கோ கப்பலேறியிருப்பான். அங்கே அவன் வம்சத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். மாதா கோயிலின் ஞானஸ்நான, கல்யாண ஏடுகளில் தேடினால் அந்தக் கிளை கிடைக்கும். கோயில் ஏடுகளோ லத்தீனில் இருந்தன.

யாகோடா வளர்ந்தாள். சனிக்கிழமைகளில் போலிஷ் வகுப்பு, மற்ற நாட்களில் ஜெர்மன் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் லத்தீன் வைத்தார்கள். அன்றிலிருந்து அலோய்ஸ் அவளுடைய மற்றப் பாடங்களை விசாரிப்பதை விட்டுவிட்டார். "லத்தீன்ல எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார். வேறொன்றும் கேட்க மாட்டார். வாய்விட்டு ஒன்றைக் கேட்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. மேசையில் கிடக்கும் அவள் லத்தீன் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். நாலு வருஷம் இப்படியே போனது. பதினாறாவது வயதில், இலையுதிர் கால விடுமுறைக்கு முதல் நாள், யாகோடாவே சொன்னாள்:

"நாளைக்கு வேணும்னா மூன்ஸ்டருக்குப் போகலாம், அலோய்ஸ். ஏடு பாக்க."

அவர் கையிலிருந்த சூப் கரண்டி மேசையில் விழுந்தது.

மறுநாள் மறைமாவட்ட ஆவணக் காப்பகம் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். ஏடுகளைப் படமெடுத்த சுருளை ஓர் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றினால் திரையில் பக்கம் பக்கமாக வந்தது. யாகோடா படித்தாள். அலோய்ஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டார்.

"1809. ஞானஸ்நானம். பெர்னார்ட் அன்டன் கிவிட்புரோக்."

"எங்க கொள்ளுத் தாத்தாவோட அப்பாவாத்தான் இருக்கணும்! மேல போ, மேல போ!"

"ஷ்ஷ், ஐயா," என்றாள் மேசையில் இருந்த பெண்மணி.

1772. அந்த பெர்னார்டின் அப்பா பிறந்த பதிவும் கிடைத்தது. அலோய்ஸ் ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார். ஐந்து தலைமுறை! ஆறு! இன்னும் இரண்டு பிடித்துவிட்டால் காளையைத் தொட்டுவிடலாம். யாகோடா சுற்றினாள். 1769, அந்த அப்பாவைப் பெற்றவர்களின் கல்யாணப் பதிவு. அதில் அவள் விரல் நின்றது.

"மாப்பிள்ளை, ஜோவான் ஹென்ரிக். பிறப்பால வெஸ்ஸலிங். இப்போ கிவிட்புரோக்."

"என்ன வெஸ்ஸலிங்?"

"அப்படித்தான் எழுதியிருக்கு. பொண்ணு, அன்னா கெர்ட்ருட் கிவிட்புரோக். விதவை."

அலோய்ஸ் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் கையைத் தட்டினார். "அப்போ அம்மா வழி! அவ கிவிட்புரோக் ஆச்சே! ரத்தம் அவகிட்டேர்ந்து வருது. அவளைப் பிடி, விடாதே!"

அவளைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆனது. 1758. அன்னா கெர்ட்ருட்டின் முதல் கல்யாணம். யாகோடா இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் சொன்னாள். பெண் பிறப்பால் ஹோல்ஷர். அவளைக் கட்டியவன், பண்ணையின் சொந்தக்காரியான முதல் மனைவியைப் பறிகொடுத்தவன். அவனும் வெளியூரிலிருந்து வந்தவன், பிறப்பால் டெர்பெக். அவன் இறந்ததும் ஹோல்ஷர் வீட்டுப் பெண் வெஸ்ஸலிங் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். அந்த இருவருக்கும் பிறந்த வம்சம்தான் அலோய்ஸ். அப்பனும் வெளியாள், அம்மாவும் வெளியாள். பழைய கிவிட்புரோக் ரத்தத்தில் ஒரு சொட்டு அவரிடம் இல்லை. தேடிப் போக ஒரு கிளையும் இல்லை.

மேசைப் பெண்மணி எட்டிப் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு அதிர்ச்சி? நம்ம பக்கம் பண்ணைக்கு வாழ வந்தவன் பண்ணைப் பேரைத்தானே எடுத்துக்குவான். நீங்க கிராமத்து ஆள்தானே, தெரியாதா?"

தெரியாமல் என்ன! அந்த வழக்கத்தை இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவரே அவர்தான். டைட்டர்மன் தாத்தா பண்ணைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததால்தானே ஊரார் கிளெமன்ஸைக் கிவிட்புரோக் என்கிறார்கள்! தன் வீட்டுப் பாட்டனும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்திருப்பான் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

காரில் உட்கார்ந்து, பன்றி இறைச்சி வைத்த கறுப்பு ரொட்டியைத் தின்றார். பாதி ரொட்டி தீர்ந்ததும் சொன்னார்: "அப்போ நான் யாரு? வெஸ்ஸலிங்கா?"

யாகோடா அதிகம் பேசுகிறவள் இல்லை. வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அவர் அந்த வீட்டுல வந்து இருந்தார். கிவிட்புரோக் ஆனார். கிளெமன்ஸோட தாத்தா மாதிரிதான்."

அலோய்ஸ் மெல்லுவதை நிறுத்தினார். முதலில் அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். தோள் குலுங்கியது. பிறகு கார் குலுங்கியது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். "இருநூத்தம்பது வருஷமா! இருநூத்தம்பது வருஷமா!" என்று ஸ்டீரிங்கைக் குத்தினார். வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்குத் திரும்புகிற சாலையில் திரும்பவில்லை.

கிவிட்புரோக் பண்ணையின் முற்றத்தில் கிளெமன்ஸ் சாணி வண்டி தள்ளிக்கொண்டிருந்தார். அலோய்ஸ் காரை நிறுத்தியும் நிறுத்தாமலும் இறங்கி ஓடினார்.

"யோவ் கிவிட்புரோக்!"

கிளெமன்ஸ் பின்னால் திரும்பி, வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "என்னையா கூப்பிட்டே? குடிச்சிருக்கியா?"

"உங்க தாத்தா எந்த வருஷம் இங்க வந்தார்?"

"1926. ஏன், துரத்தப் போறியா?"

"எங்காளு 1769! வெஸ்ஸலிங்னு ஒருத்தன். விதவையைக் கட்டிக்கிட்டு வந்தவன். அந்த விதவையும் வந்தவதான். அவ முதல் புருஷனும் வந்தவன். எல்லாரும் வந்தவங்கடா! ஒருத்தன்கூட இங்க பொறக்கல!"

கிளெமன்ஸ் வண்டியைக் கீழே வைத்தார். நிதானமாக யோசித்தார். அவர் முகத்தில் புன்னகை மெல்ல மெல்லப் பரவியது.

"அப்போ இருநூத்தம்பது வருஷமா நீயும் பேர் திருடன்தான்."

"ஆமாடா!"

"என்னைவிடப் பழைய திருடன்."

"உன்னைவிட நூத்தம்பத்தேழு வருஷம் சீனியர்!"

பிறகு கிளெமன்ஸின் மனைவி தானியச் சாராயப் புட்டியும் சின்னக் கிளாஸ்களும் கொண்டு வந்தாள். அலோய்ஸ் உட்காரவே இல்லை. "உனக்கு எத்தனை பிள்ளைங்க? பேரப்பிள்ளைங்க?" மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். அதில் நாலு வாண்டுகள் வைக்கோல் குவியலில்தான் இருந்தன. அலோய்ஸ் அவர்களைத் துரத்திப் பிடித்து ஒவ்வொருவராகக் கேட்டார். "நீ யாரு?" "கிவிட்புரோக்!" "நீ?" "கிவிட்புரோக்!" ஐந்து வயதுப் பொடிசு ஒன்று திருப்பிக் கேட்டது: "நீ யாரு?"

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அலமாரிக் கதவைத் திறந்தார், பேனாவை எடுத்தார், பென்சில் எழுத்தின் மேல் ஹலினாவின் பேரை அழுத்தி எழுதினார். கீழே கிளெமன்ஸ் வீட்டார் அத்தனை பேரையும் எழுதினார். தாள் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினார். ஹலினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன திடீர்னு எனக்கு ரத்தம் ஊறிடுச்சா?"

"இல்ல. எனக்கு வத்திடுச்சு," என்றார் அலோய்ஸ், குதூகலமாக.

யாகோடாவின் பேரை அவர் எழுதவில்லை. அவள் யாகோடா வியெச்சோரெக். போலந்தில், ஓப்போலே நகரத்தில் பஸ் ஓட்டும் அவளுடைய அப்பா ஞாயிறு தவறாமல் போன் செய்வார். அந்தப் பேர் அவர் கொடுத்தது. அலோய்ஸுக்கு அது தெரியும். பேனாவை மூடியால் மூடி, ஒரு நிமிஷம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்; பிறகு சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அதன் பிறகு கிளெமன்ஸ் பண்ணைப் பசுக்களுக்கு ஹூபர்ட் போக வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து யாகோடாவுக்கு ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மூன்றாவது மாடியில் ஒரே ஓர் அறை. கட்டிலும் புத்தகப் பெட்டிகளும் காரில் உறைகுளிர்க் குடுவை இருந்த இடத்தில் ஏறின. அலோய்ஸ் எல்லாவற்றையும் மேலே சுமந்து வைத்தார், பல்பு மாட்டினார், ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார். செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்றானதும் இருவரும் கீழே வந்தார்கள். தெருவாசலில் பித்தளைப் பலகை. வரிசையாக அழைப்பு மணிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடியிருப்பவரின் குடும்பப் பேர். மூன்றாவது மாடி மட்டும் காலி. யாகோடா தன் பேரை எழுதிவந்த சீட்டைச் செருகினாள்.

அலோய்ஸ் கிளம்பவில்லை. சட்டைப் பையைத் தடவினார். காது மடல்கள் சிவக்கத் தொடங்கின. கிவிட்புரோக் என்று எழுதி, நகத்தளவு அகலத்தில், ஓரம் பிசிறில்லாமல் வெட்டிய ஒரு சீட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"யாகோடா, உன் பேரு மேல இருக்கட்டும். அதைத் தொட மாட்டேன். அதுக்குக் கீழ ஒரு விரல்கடை இடம் இருக்கு, நான் அளந்து பாத்துட்டேன். இந்தப் பேரையும் அங்க ஒட்டிக்கட்டுமா?"