சகினாவின் கை கூட வராது

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, வயர் நாற்காலியில் அப்படியும் இப்படியும் நெளிகிறாள் சகினா. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் சந்திரிகா, போனைத் தடவோ தடவென்று தடவுகிறாள். வேண்டிய இடத்தில் மட்டும் விரல் படமாட்டேன் என்கிறது. “கீழ... இன்னும் கீழ... அய்யே, அது இல்ல யக்கா!” என்று சகினாவின் வாய்தான் ஓடுகிறதே தவிர, கை வெளியே வரவில்லை. வரவும் விடமாட்டாள்.

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது சகினாவின் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பழைய போன்களைச் சரிசெய்து விற்கிற தொழில். கோபாலபுரத்து வீடுகளில் ஏறி இறங்கி, “ஒடஞ்ச போன் கீதாம்மா?” என்று கேட்டு வாங்கி வருவாள். கண்ணாடி மாற்றி, உப்பிப்போன பேட்டரியைக் கடாசி வேறு போட்டு, எல்லாம் தமிழில் தெரியும்படி செய்து, ஒரு சுமாரான புடவை விலைக்குக் கொடுத்துவிடுவாள். “ஒரே வூட்ல ஏழு போன் டிராயர்ல தூங்குது. நாலு தெரு தள்ளி ஒருத்திக்கு ஒண்ணுகூட இல்ல. இன்னா நியாயம் இது?” என்று கேட்கும்போது மூக்கு சிவந்துவிடும்.

விற்பதில் ஒரு நிபந்தனை உண்டு. எந்த வேலைக்காகப் போன் வாங்குகிறார்களோ, அந்த வேலையைக் கடையிலேயே தங்கள் விரலால் ஒருமுறை செய்து காட்டவேண்டும். அதுவரை போன் வாசல் தாண்டாது. கெஞ்சினாலும் சரி, திட்டினாலும் சரி, ஒரே பதில்தான்: “என் கை இங்கயேதான் கீது. உங்கூட வராது.”

முன்பெல்லாம் இதே சகினா கை பறபறக்கிற ஆள். “குடு இங்க” என்று பிடுங்கி, கண்மூடித் திறப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவாள். கடையில் எப்போதும் ஜே ஜே என்று கூட்டம், அவளுக்கும் பெருமைதான். ஒரு தடவை ஆம்பூரில் கல்யாணம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பினால், அவளிடம் போன் வாங்கிய அமீனா பீ படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஷார்ஜாவிலிருந்து புருஷன் ஏதோ பேசி, குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். அதைத் திறக்கத் தெரியாமல், போனைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். “அவருக்கு இன்னாச்சோன்னு சோறு எறங்கல சகினா.” திறந்து பார்த்தால், அந்த மனுஷர் கேட்டிருந்தது “சாப்ட்டியா?” என்று.

அமீனா பீ சிரித்துக்கொண்டே அழுதாள். சகினாவுக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போலாகிவிட்டது. “போனையா வித்தேன்? என் கையைல்ல வாடகைக்கு வுட்டுக்கினு இருந்தேன்” என்கிறாள் இன்றைக்கும். அன்றிலிருந்துதான் இந்தத் தொடையடிச் சிறைவாசம். சும்மா மடியில் வைத்தால் கை கேட்காதாம்.

சந்திரிகாவின் கதைக்கு வருவோம். வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறவள். கையில் வீடியோ வராத பட்டன் போன் மட்டும் இருந்ததால் இரண்டு இடங்கள் கைநழுவிப் போயின. இப்போது மயிலாப்பூரில், படுத்த படுக்கையாக இருக்கும் ஸ்ரீரங்கன் என்பவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அமெரிக்காவில் இருக்கும் மகள் ஹம்சா இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு, முகம் பார்த்துத்தான் முடிவு செய்வாள். இதுவும் போனால் சந்திரிகாவுக்கு வேறு போக்கில்லை.

ஐந்து அடித்தது. போன் அலறியது. பதறிப்போன சந்திரிகா சிவப்பை அழுத்தித் தொலைத்தாள்.

“அய்யோ, கட் ஆய்டிச்சே! சகினா, நீயே போட்டுக் குடு கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போவும்!”

சகினாவின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. நாற்காலி கிறீச்சிட்டது. கை மட்டும் வரவில்லை. “அவங்க பேர்மேல வெய்யி யக்கா... மேல கேமரா படம் கீதுல்ல? அதத் தொடு. பயப்படாத, அது கடிக்காது.”

ஒரு தபா தப்பிப்போனது. மறு தபா மணி அடித்தது. திரையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு முகம்.

“சந்திரிகாவா? ஹம்சா பேசறேன். தினம் சாயங்காலம் அப்பாவை எனக்கு வீடியோல காட்டணும். ஆத்துல அவர் ஒண்டிதான், சொல்லித்தர யாரும் இல்லை. உங்களுக்குப் பண்ணத் தெரியுமோன்னோ?”

சந்திரிகா போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். “இப்போ நாந்தானேம்மா உங்களக் கூப்ட்டேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “வாஸ்தவம்தான். நாளைக்கே வந்துடுங்கோ.”

சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சகினாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, போனை ஜாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போய்விட்டாள். சகினா கையை எடுக்கவே மறந்து, அவள் போன திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மேஜைமேல் அவளுடைய போன் அடித்தது. வீடியோ. பட்டென்று கையை உருவிப் பச்சையைத் தொட்டாள். திரை முழுக்கச் சந்திரிகாவின் நெற்றியும் பாதி மூக்கும், பின்னால் பஸ் ஸ்டாப். “சும்மாத்தான் போட்டேன்! தெரியறேனா கண்ணு?”

சகினா, வயர் பின்னல் கட்டம் கட்டமாகச் சிவந்து பதிந்திருந்த உள்ளங்கையைத் தூக்கி, திரைக்கு நேராக ஆட்டினாள்.