எதிர்ப்புச் சக்தி டப்பாவும் நானும்

புற்றுநோய் வார்டில் நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவள் என்று நினைப்பீர்கள். பாதி வேலை, வெளியே யாரோ சொல்லி அனுப்பிய பொய்க்கு உள்ளே உட்கார்ந்து பதில் சொல்வதுதான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கிக் காத்திருந்தே இடுப்பு ஒடிந்த உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

அக்கா கேட்ட கேள்வி

லெட்சுமி அக்கா சுங்காயிலிருந்து வருவார். தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டும் வேலை. மார்புக் கட்டியை எடுத்தாயிற்று, அடுத்தது கீமோ. "உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கே, அப்புறம் ஏன் இது பரவுது?" என்று கேட்டார். சீன டாக்டர் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன்.

"எதிர்ப்பு செல்லுங்க சண்டை போடத்தான் வருது அக்கா. ஆனா அந்தக் கட்டி அதுல சிலதைத் தன் பக்கம் இழுத்துக்கும். அப்புறம் அதுங்களே புற்று செல்லு ரத்தக் குழாய்க்குள்ள நுழைய வழி பண்ணிக் குடுக்கும். சக்திய ஏத்துனா மட்டும் பத்தாது, புற்று செல்லையே கொல்லணும். அதுக்குத்தான் கீமோ."

அக்காவுக்கு நர்ஸ் என்றால் 'மிஸ்ஸி'. "அப்ப நாம காவலுக்குச் சோறு போட்டு வச்ச ஜாகாவே திருடனுக்கு கேட்டைத் தொறந்து விடுறானா, மிஸ்ஸி?"

கொழுந்தன் மணி

கீமோ பாதியில் இருந்தபோது அக்கா கணவரின் தம்பி மணி கூட வந்தான். கையில் பளபளப்பான மூடி போட்ட பவுடர் டப்பா. "கீமோ வெள்ளை அணுவக் கொல்லுது மிஸ்ஸி. இது ஆன்டிபாடிய ஏத்தும்." முதல் பாதி உண்மை. அதுதான் எரிச்சல், முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது சுலபம். குறைகிற வெள்ளை அணு திரும்ப ஏறிவிடும், கீமோவை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று இருவரிடமும் கெஞ்சினேன்.

அடுத்த முறை அக்கா வரவில்லை. போன் போட்டேன், பல தடவை அடித்த பிறகு எடுத்தார். குரலில் அவ்வளவு தெம்பு. "பவுடருக்கு மாறுனதுல இருந்து வாந்தியே இல்ல மிஸ்ஸி, முடி கூட மொளைக்குது. நீங்க குடுத்ததுலதான் ஒடம்பு ஒடஞ்சு போச்சு லா."

ஸ்கேன்

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அக்காவின் கண் மஞ்சளாக இருந்தது. ஈரலுக்குப் பரவிவிட்டது. டாக்டர் ஒரே வரியில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல எனக்குத்தான் நேரம் பிடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மணியின் பெயரை இழுத்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன ஏசாதீங்க. பயந்தது நானு. பயந்தவளுக்கு யாராச்சும் 'ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னாப் போதும், பின்னாலயே போயிருவா."

சாவு வீடு

லீவு போட்டுச் சுங்காய்க்குப் போனேன். மணி நிஜமாகவே அழுதிருந்தான், கண் வீங்கியிருந்தது. அவனே டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தான்.

"அண்ணி பவுடர லேட்டா ஆரம்பிச்சிட்டாங்க மிஸ்ஸி, அதான். ஒங்க வார்டுக்கு நம்ம ஆளுங்க நெறைய பேரு வருவாங்கல்ல? நீங்க இந்த டப்பாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விக்கிற ஒவ்வொண்ணுலயும் ஒங்களுக்கும் ஒரு பங்கு வரும் லா."

சாவு வீட்டில் சத்தம் போடக்கூடாதே என்று அந்த டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எங்கள் வேலைக்கு முதல் தகுதி எதையும் விழுங்கத் தெரிந்திருப்பது.